பூமியின் வெப்பக் கணக்கு

புனே நகரின் ராஸ்தா பேட்டிலும் கட்கியிலும் நெடுங்காலமாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. "நாங்கள் இவ்வூருக்கு வந்த நாளில் வீட்டில் மின்விசிறியே கிடையாது. சித்திரை மாதத்திலும் விடியற்காலையில் போர்வையைத் தேடுவோம். இப்போது பாருங்கள், மாசியிலேயே புழுங்குகிறது" என்பார்கள். அருகில் இருக்கும் பேரப்பிள்ளை படித்தவன். "தாத்தா, பூமி தோன்றிய நாள் முதல் தட்பவெப்பம் மாறிக்கொண்டுதானே இருக்கிறது? பனியூழி வந்தது, போயிற்று. இதுவும் இயற்கையின் வேலைதான். நாம் கவலைப்பட்டு ஆகப்போவது என்ன?" என்று மறுமொழி சொல்வான்.

இந்தப் பிள்ளையின் கூற்றில் முற்பாதி முழு உண்மை. பூமியின் தட்பவெப்பம் பலமுறை மாறியதுண்டு. பிற்பாதி மட்டும் ஆராய்ந்து பார்க்கத்தக்கது. இயற்கை எந்தெந்தக் காரணங்களால் தட்பவெப்பத்தை மாற்றியது, எவ்வளவு காலத்தில் மாற்றியது, அக்காரணங்களில் எது இப்போது வேலை செய்கிறது என்று கேட்டுப் பார்த்த பின்னரே கவலைப்படலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டும். இக்கேள்விகளுக்கு விடை தேட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நாம் வாழும் இந்தத் தக்காணப் பீடபூமியும், நம்மைப் பெற்ற தமிழகமும் அவ்விடைகளைக் கல்லிலும் மண்ணிலும் எழுதி வைத்திருக்கின்றன.

முதலில் ஒரு சொல் விளக்கம். இன்று மழை பெய்யுமா, நாளை வெயில் அடிக்குமா என்பது வானிலை. ஓர் ஊரில் முப்பது நாற்பது ஆண்டுகளாக வழக்கமாக நிலவும் வெப்பம், குளிர், மழை ஆகியவற்றின் சராசரிப் போக்கே தட்பவெப்ப நிலை. ஓராண்டு மழை பொய்த்ததால் தட்பவெப்பம் மாறிவிட்டது என்று சொல்லலாகாது. ஒரு மார்கழி நன்றாகக் குளிர்ந்ததால் மாறவில்லை என்று சாதிக்கவும் முடியாது.

பூமியின் தட்பவெப்பம் ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போன்றது. சூரியனிடமிருந்து வரும் ஒளியே வரவு. அதில் ஒரு பகுதி மேகத்திலும் பனியிலும் தூசியிலும் பட்டு, நிலத்தைச் சூடாக்காமலே திரும்பிப் போய்விடுகிறது. அது கைக்கு வராத வரவு. பூமி இரவும் பகலும் வான்வெளிக்குள் விடும் வெப்பம் செலவு. காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அச்செலவில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்தி, போர்வைபோல் நின்று பூமியை உறைந்து போகாமல் காக்கின்றன. தட்பவெப்பம் மாற வேண்டுமானால் சூரிய வரவு மாற வேண்டும். அல்லது திரும்பிப்போகும் ஒளியின் அளவு மாற வேண்டும். அல்லது போர்வையின் கனம் மாற வேண்டும். இயற்கை செய்த மாறுதல்கள் பெரும்பாலும் இம்மூன்றில் அடங்கும். இவற்றுள் மிக மெதுவாக நடந்தவற்றை முதலில் பார்த்து, விரைவானவற்றுக்குப் பின்னர் வருவோம்.

மகாராஷ்டிரத்தின் கிழக்கு மூலையில் உள்ள சந்திரபூர், கோடை வெயிலுக்குப் பேர்போன ஊர். அதன் அருகே இரயி ஆற்றங்கரையில் பழைய சுண்ணாம்புப் பாறை ஒன்றின் மேல் இணையான கீறல்கள் காணப்படுகின்றன. கூழாங்கற்களை அடியில் சுமந்தபடி பனிப்பாறை மெல்ல நகரும்போது கீழுள்ள கல்லில் உண்டாகும் கீறல்கள் அவை. இன்று வெயில் கொளுத்தும் அவ்விடத்தில் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனிக்கட்டி மூடிக் கிடந்தது. இதே காலத்துப் பனிப்படிவுகளை ஒடிசாவின் தால்சேர் பகுதியில் 1856-ஆம் ஆண்டிலேயே பிளான்போர்டு சகோதரர்கள் உள்ளிட்ட நிலநூலார் கண்டு எழுதினர். வெப்ப நாடான இந்தியாவில் பனியாறா என்று அக்காலத்தவர் வியந்தனர்.

அவ்வியப்புக்கு விடை பின்னர் கிடைத்தது. அக்காலத்தில் இந்தியா இப்போதுள்ள இடத்தில் இல்லை. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா முதலியவற்றுடன் ஒட்டிக்கொண்டு, கோண்டுவானா என்ற பெருநிலத்தின் பகுதியாகத் தென் துருவத்தை அடுத்துக் கிடந்தது. கோண்டுவானா என்ற பெயரே நடு இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் நாட்டிலிருந்து பிறந்தது. காற்றில் கரியமில வாயுவும் அப்போது குறைவு. நிலம் துருவத்தை அடுத்திருந்ததும், போர்வை மெலிந்திருந்ததும் சேர்ந்து பனியை வளர்த்தன. கண்டங்கள் நகர்வது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவே. நம் விரல் நகம் வளரும் வேகம் என்று சொல்லலாம். தட்பவெப்பத்தை மாற்றும் இயற்கைக் காரணங்களில் மிகப் பெரியதும் மிகப் பொறுமையானதும் இதுவே.

இதற்கு நேர் எதிரான காட்சியை நம் அரியலூரில் காணலாம். அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் கடல்வாழ் உயிர்களின் கல்லாகிப்போன ஓடுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி நெடுங்காலம் அங்குக் கடல் அலையடித்தது. காற்றில் கரியமில வாயு இன்றைவிட அதிகமாக இருந்து, துருவங்களில் பெரும்பனி தங்காத வெப்பக் காலம் அது. உருகிய பனியெல்லாம் நீராக இருந்தமையாலும், கடலடி நிலம் உயர்ந்திருந்தமையாலும் கடல் கரைகளைத் தாண்டி உள்ளே புகுந்தது. இன்று அக்கடலின் எச்சமே சிமெண்டாகி நம் வீடுகளைக் கட்டுகிறது. தால்சேரின் பனியைக் கண்ட சகோதரர்களில் இளையவரான ஹென்றி பிளான்போர்டுதான் திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் இப்பாறைகளையும் ஆராய்ந்தார். அவரே பின்பு 1875-இல் தோன்றிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். பூமியின் குளிரையும் வெப்பத்தையும் கல்லில் படித்தவர் கையில் பருவமழையின் கணக்கு ஒப்படைக்கப்பட்டது பொருத்தமே.

இனிப் புனேக்கு வருவோம். ஜங்கிலி மகராஜ் சாலையில் உள்ள பாதாளேசுவரர் குடைவரைக் கோயிலின் கல்லைத் தொட்டுப் பார்த்திருப்போம். கறுத்துக் கெட்டியான அக்கல், தோற்றத்தில் நம்மூர்க் கருங்கல்லைப் போன்றதே. ஆனால் பிறப்பில் வேறு. நம்மூர்க் கருங்கல் பூமியின் ஆழத்தில் உருவானது. புனேயின் கல்லோ நிலப்பிளவுகளின் வழியே பொங்கி, மேலே வழிந்து, வெள்ளம்போல் பரவி ஆறிய எரிமலைக் குழம்பு. சிங்ககட் கோட்டைக்கு ஏறும்போது மலைச்சரிவு படிப்படியாக அமைந்திருப்பதைக் காணலாம். ஒவ்வொரு படியும் குழம்பு பொங்கிப் பரவிய தடவைகளைக் காட்டும். இவ்வாறு அடுக்கடுக்காகக் குவிந்த பாறை இன்று சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் அதன் கனம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல்.

இது நடந்தது சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அப்போது இந்தியா கோண்டுவானாவிலிருந்து பிரிந்து, தனித்தீவாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பூமியின் ஆழத்தில் ஓரிடத்தில் நின்று எரியும் நெருப்பின் மேல் அது கடந்தபோது இக்குழம்பு பொங்கியது. அந்த நெருப்பு இன்னும் அணையவில்லை. இன்று அதற்கு மேல் இருப்பது இந்துமாக்கடலின் ரீயூனியன் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் வாழும் தீவு அது. புனேயின் கல்லை வார்த்த உலையும், நம் இனத்தார் இன்று கண்முன் காணும் எரிமலையும் ஒன்றே என்பது வியப்பன்றோ?

குழம்புடன் கந்தக வாயுக்களும் கரியமில வாயுவும் கோடானுகோடி டன் கணக்கில் வெளிவந்தன. கந்தகம் வானில் மென்திரையாகப் பரவி ஒளியைத் திருப்பிவிடும். அதனால் சில ஆண்டுகளுக்குக் குளிர் உண்டாகும். மழை அதைக் கழுவிய பிறகு மிஞ்சும் கரியமில வாயுவோ நெடுங்காலம் நின்று வெப்பத்தை ஏற்றும். அக்காலத்துக் கடலடி மண்ணை ஆராய்ந்த அறிஞர்கள் உலகம் சில டிகிரி வெப்பம் ஏறியதற்கான தடயங்களைக் கண்டிருக்கிறார்கள். மெக்சிகோவில் பெரிய விண்கல் விழுந்ததும் டைனோசர் இனம் அழிந்ததும் அதே காலத்தில்தான். அவ்வழிவில் விண்கல்லுக்கே முதல் பங்கு என்பது பெரும்பாலோர் முடிவு. தக்காண எரிமலைகளின் பங்கு எவ்வளவு என்பதில் விவாதம் நடந்துவருகிறது.

நாம் இங்குக் கவனிக்க வேண்டியது காலம். இவ்வளவு பாறையும் பொங்கி முடிய லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின. மலைச்சரிவுகளில் கறுத்த பாறை அடுக்குகளுக்கு நடுவே சில இடங்களில் செங்காவி நிறத்தில் மண்பட்டை தெரியும். ஒரு பொங்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே பாறை மேற்புறம் மழையில் நைந்து மண்ணாகும் அளவுக்கு ஓய்வு இருந்ததென்பதற்கு அதுவே சாட்சி.

அந்தச் செம்மண் இன்னொரு பாடமும் சொல்கிறது. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறையைச் சிறுகச் சிறுக அரிக்கிறது. அரித்ததை ஆறுகள் கடலுக்குக் கொண்டு செல்கின்றன. கடலில் அது சுண்ணாம்பாகப் படிந்துவிடுகிறது. ஆக, எரிமலை வெளியிட்ட வாயுவைக் கல்லே திரும்ப வாங்கிப் பூட்டி வைக்கிறது. தக்காணப் பாறை இவ்வேலையில் கைதேர்ந்தது. இந்தியா மழை மிகுந்த நிலநடுக்கோட்டுப் பகுதியைக் கடந்ததும், பின்னர் ஆசியாவுடன் மோதி இமயம் எழுந்ததும் இவ்வரிப்பை மிகுவித்தன என்றும், கடந்த 5 கோடி ஆண்டுகளில் பூமி மெல்ல மெல்லக் குளிர்ந்து, சுமார் 3 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிகாவில் பெரும்பனி படிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றும் அறிஞர் பலர் கருதுகின்றனர். பூமிக்குத் தன் காய்ச்சலைத் தணித்துக்கொள்ளத் தெரியும். ஆனால் அம்மருந்து வேலை செய்ய லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.

அடுத்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழும் மாறுதல்கள். சுழலும் பம்பரத்தைச் சிறுவர்கள் கவனிப்பார்கள். அது சுழன்றுகொண்டே தலையைச் சற்றுச் சாய்த்து ஆட்டும். பூமியும் அவ்வாறே. அதன் அச்சின் சாய்வு சுமார் 41,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை 22 டிகிரிக்கும் 24½ டிகிரிக்கும் இடையே கூடிக் குறையும். அச்சின் தலையாட்டத்தால் பூமி சூரியனை நெருங்கும் மாதம் ஏறக்குறைய 20,000 ஆண்டுகளில் ஒரு சுற்று வரும். சூரியனைச் சுற்றும் பாதையின் வடிவமோ சுமார் 1,00,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமாகவும் சற்றே நீள்வட்டமாகவும் மாறும். இவற்றால் ஆண்டு முழுவதற்கும் வரும் ஒளி பெரிதும் மாறுவதில்லை. எந்தப் பருவத்தில் எந்த இடத்திற்கு எவ்வளவு என்ற பங்கீடு மாறுகிறது. வடநாடுகளில் கோடை வலுவிழந்தால் பனி உருகாமல் தங்கிப் பெருகும். பனியூழி பிறக்கும். செர்பிய நாட்டு மிலன்கோவிச் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். கடலடி மண்ணில் இதே காலச்சுற்றுகள் பதிந்திருப்பது 1976-இல் மெய்ப்பிக்கப்பட்டது.

கடைசிப் பனியூழியின் உச்சம் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன். உலகின் சராசரி வெப்பம் இன்றைவிட 5 அல்லது 6 டிகிரி குறைவு. நீரெல்லாம் வடபுலத்தில் பனியாகக் குவிந்திருந்ததால் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை ஆழமற்றது. ஆகவே அன்று தமிழகத்திலிருந்து இலங்கைக்கு நிலத்தின் மீதே நடந்து சென்றிருக்கலாம். நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள மக்கிய புல்லை இந்திய அறிஞர்கள் ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட முடிவும் இதையே கூறும். மழை குறைந்த காலங்களில் ஒருவகைப் புல்லும், ஈரம் மிகுந்த காலங்களில் வேறுவகைச் செடி கொடிகளும் அம்மலைமேல் மாறி மாறி ஆண்டிருக்கின்றன.

சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பூமி சூரியனை நெருங்கியது வடகோளத்தின் கோடைக்காலத்தில். இன்று அந்நெருக்கம் ஜனவரித் தொடக்கத்தில் நிகழ்கிறது. அன்று ஆசிய நிலம் கோடையில் மிகுதியாகக் காய்ந்தது. காய்ந்த நிலம் கடற்காற்றை வலிந்து இழுத்தது. தென்மேற்குப் பருவமழை ஓங்கிப் பெய்தது. இன்று உப்பு விளையும் இராஜஸ்தானத்து டீட்வானா ஏரியில் அக்காலத்தில் நன்னீர் நின்றது. நெருங்கும் மாதம் மெல்ல மெல்ல மாறிவர, மழையும் மெல்ல மெல்லத் தளர்ந்தது.

விரைந்து நிகழும் மாறுதல்களும் உண்டு. புனே மாவட்டத்தில் ஜுன்னர் வட்டத்தைச் சேர்ந்த போரி என்ற சிற்றூரில், குக்கடி ஆற்றங்கரையில், எரிமலைச் சாம்பல் அடுக்கு ஒன்று கிடைத்தது. அச்சாம்பல் தக்காணத்து எரிமலைகளைச் சேர்ந்ததன்று. அவை அணைந்து ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேலாயின. சுமத்திராத் தீவின் தோபா எரிமலை வெடித்தபோது காற்றில் பறந்து வந்தது அது என்று அறிஞர்கள் கண்டனர். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முந்திய பெருவெடிப்பினதா, அதற்கும் முந்திய வெடிப்பினதா என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும், கடல் கடந்து வந்து குக்கடிக் கரையில் படியும் சாம்பல் எத்தகைய வெடிப்பினது என்று எண்ணிப் பாருங்கள்! நம் காலத்திலேயே 1991 ஜூனில் பிலிப்பைன்சின் பினதுபோ எரிமலை வெடித்து, அதன் கந்தகத் திரை உலகை ஏறக்குறைய அரை டிகிரி குளிர்வித்தது. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் திரை கலைந்தது. வெப்பம் பழைய நிலைக்கு ஏறிவிட்டது.

சூரியனும் மாறாத விளக்கன்று. அதன் முகத்தில் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறையும். 1899-இல் நிறுவப்பெற்ற நம் கோடைக்கானல் வானாய்வுக்கூடம் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறது. அச்சுற்றில் சூரிய ஒளி மாறும் அளவு ஆயிரத்தில் ஒரு பங்கே. 1645 முதல் 1715 வரை புள்ளிகள் மிக அரிதாகத் தோன்றின. ஐரோப்பாவில் குளிர் மிகுந்திருந்த காலம் அது. அக்குளிரில் எரிமலைகளுக்கும் பங்கு உண்டு.

இனி, கடலும் காற்றும் தமக்குள் ஆடும் ஊசலாட்டம். புனே சிவாஜி நகரில் 'சிம்லா ஆபீஸ்' என்று பேருந்து நிறுத்தம் ஒன்று உண்டு. மராட்டிய நாட்டில் சிம்லாவுக்கு என்ன வேலை என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். வானிலைத் துறையின் தலைமை நிலையம் 1928-இல் சிம்லாவிலிருந்து இங்கு மாற்றப்பட்டது. பெயர் மட்டும் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது. சிம்லாவில் அத்துறைக்கு 1904 முதல் 1924 வரை தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை, பருவமழை ஏன் சில ஆண்டுகளில் பொய்க்கிறது என்று அறிய உலகெங்குமிருந்து காற்றழுத்தக் குறிப்புகளைச் சேகரித்தார். பசிபிக் மாகடலின் ஒரு புறம் அழுத்தம் ஏறினால் மறுபுறம் இறங்கும் ஊசலாட்டத்தை அவர் கண்டறிந்தார். பசிபிக்கின் கீழைப் பரப்பு வெதும்பும் 'எல் நினோ' என்ற நிகழ்ச்சியும் இதுவும் ஒன்றே என்பது பின்னர் விளங்கியது.

அவ்வூசலாட்டம் என்ன செய்யும் என்பதைத் தமிழர் மறக்க மாட்டோம். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தை இன்றும் நம் வீடுகளில் பேசுகிறோம். 1877-இல் எல் நினோ மிகக் கடுமையாக இருந்தது. சென்னை மாகாணத்தைப் போலவே புனேயைச் சூழ்ந்த தக்காண நாடும் வாடியது. புனே சார்வஜனிக சபையார் கிராமந்தோறும் செய்தி திரட்டி, அரசினர்க்கு விண்ணப்பங்கள் விடுத்தனர். பஞ்சத்திலும் தொடர்ந்த நோயிலும் நாடெங்கும் ஐம்பது லட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். மழையைத் தடுத்தது கடல். ஆனால் தானியம் ஏற்றுமதியாவதைத் தடுக்காமல் விட்டதும், நிவாரணக் கூலியைக் குறைத்ததும் ஆட்சியாளரே. இயற்கையின் அடியை மனிதர் தாங்கும்படி செய்வதும் தாங்காதபடி செய்வதும் மனிதர் கையிலேயே இருந்தன. கப்பலேறிய தமிழர் பலரை ஊரைவிட்டு விரட்டியது அப்பஞ்சமே.

பஞ்சம் இரண்டு மூன்று ஆண்டுகளில் தீர்ந்தது. தலைமுறை தலைமுறையாக மழை தளர்ந்தால் என்ன ஆகும்? அதற்கும் இங்கே ஒரு சாட்சி உண்டு. புனேக்குக் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், கோட் ஆற்றங்கரையில் இனாம்காவ் என்ற ஊர். அங்கே டெக்கான் கல்லூரி அறிஞர்களான சங்காலியா, அன்சாரி, தவளீகர் ஆகியோர் 1968 முதல் 1983 வரை அகழாய்வு நடத்தினர். கி.மு. 1600 அளவில் தோன்றிய உழவர் குடியிருப்பு அது. செழித்திருந்த காலத்தில் மக்கள் நீள்சதுர வீடுகளில் வாழ்ந்தனர். வாற்கோதுமை விளைத்தனர். வெள்ளநீரைத் திருப்ப வாய்க்கால் வெட்டிக் கரை கட்டினர். ஊர்த்தலைவன் வீட்டை அடுத்துக் களஞ்சியம் இருந்தது. கி.மு. 1000-க்குப் பிறகு காட்சி மாறுகிறது. பெரிய வீடுகள் போய்ச் சிறு வட்டக் குடிசைகள் வருகின்றன. வேளாண்மை தளர்ந்து வேட்டை பெருகுகிறது. கி.மு. 700 அளவில் ஊரே பாழானது. மழை குறைந்ததே காரணம் என்று தவளீகர் கருதினார். பிற்காலத்தில் எலும்புகளை ஆராய்ந்தவர்கள் நிலத்தை மனிதர் பயன்படுத்திய முறைக்கும் பங்குண்டு என்று எண்ணுகிறார்கள்.

இனாம்காவ் மக்களுக்கு மாறுதல் நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல வந்தது. போவதற்கு ஆளற்ற நிலமும் இருந்தது. அப்படியிருந்தும் அவர்கள் ஊரைக் காக்க முடியவில்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அந்தப் பாழ்மேட்டின் பொருள் சொல்லாமலே விளங்கும்.

இப்போது பேரப்பிள்ளையின் கேள்விக்குத் திரும்புவோம். இன்றைய வெப்பம் இயற்கையின் வேலைதானா? சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் உலகின் சராசரி வெப்பம் 1 டிகிரிக்கும் அதிகமாக உயர்ந்திருக்கிறது. அதிலும் பெரும்பகுதி கடைசி ஐம்பது ஆண்டுகளில் ஏறியது. மேலே கண்ட காரணங்களை ஒவ்வொன்றாக அழைத்து விசாரிப்போம்.

கண்டங்களின் நகர்வு? ஐம்பது ஆண்டுகளில் அவை நகர்ந்தது இரண்டு மூன்று மீட்டர். பம்பரத்தின் ஆட்டம்? அதன் போக்கு இப்போது வடபுலத்தை மிக மெல்லக் குளிர்விக்கும் திசையில் இருக்கிறது. சூரியன்? 1978 முதல் செயற்கைக் கோள்கள் அதை அளந்து வருகின்றன. வெப்பம் ஏறிய இக்காலத்தில் அதன் ஒளி ஏறவில்லை. மேலும், சூரியனே காரணமாயின் வளிமண்டலம் மேலும் கீழும் சேர்ந்து சூடாக வேண்டும். உண்மையில் கீழ்க்காற்று சூடேற, மேலடுக்கு குளிர்கிறது. போர்வை தடித்ததற்கு இது அடையாளம். எல் நினோ? அது வெப்பத்தைக் கடலிலிருந்து காற்றுக்கு மாற்றும், பின்பு திரும்ப வாங்கும். கடலும் காற்றும் ஒருசேரச் சூடேறுவதற்கு அது காரணமாகாது. எரிமலைகள்? அவை இன்று ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு, மனிதர் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

எஞ்சி நிற்பது போர்வையின் கனம். அண்டார்க்டிகப் பனியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகள் 8,00,000 ஆண்டுக் கணக்கை வைத்திருக்கின்றன. பனியூழிகளில் பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 180 பங்கு. இடைப்பட்ட வெப்பக் காலங்களில் சுமார் 280. 300-ஐ அது மீறியதில்லை. இன்றோ 420-ஐத் தாண்டிவிட்டது. பனியூழி முடிந்து 5, 6 டிகிரி வெப்பம் ஏறச் சுமார் 10,000 ஆண்டுகள் ஆயின. நாம் 1 டிகிரிக்கு எடுத்துக்கொண்டது சில தலைமுறைகளே.

இயற்கை முன்பு மாற்றியது என்பது நமக்கு ஆறுதல் தரும் செய்தியன்று. போர்வை தடித்தால் பூமி சூடேறும் என்பதைத் தக்காணக் கல் ஒருமுறை நிகழ்த்திக் காட்டியிருக்கிறது. பூட்டிக் கிடந்த கரியை இயற்கை எரிமலை வழியே விட்டது. நாம் உலை வழியேயும் புகைபோக்கி வழியேயும் விடுகிறோம். வாயுவுக்கு யார் விட்டது என்ற வேறுபாடு தெரியாது. கல் அதைத் திரும்ப வாங்கும்தான். ஆனால் அது கேட்கும் தவணை லட்சம் ஆண்டுகள்.

ஆயினும் ஒரு நன்மை உண்டு. கண்டத்தை நிறுத்த நம்மால் ஆகாது. பம்பரத்தைத் திருப்ப ஆகாது. தோபாவை மூட ஆகாது. இன்றைய காரணம் ஒன்றுதான் மனிதர் கைக்கு எட்டுவது. தாது வருஷத்தில் இல்லாத முன்னறிவும் இன்று நமக்கு உண்டு. புனேயில் 1962-இல் தோன்றிய வெப்ப மண்டல வானிலை ஆராய்ச்சிக் கழகம் பருவமழையின் வருங்காலத்தை இப்போது கணிப்பொறியில் ஆராய்கிறது. எரிபொருளைக் குறைப்பதும், ஏரி குளங்களைக் காப்பதும், மழை பொய்த்தால் ஏழையின் அடுப்பு அணையாமல் பார்ப்பதும் அரசினர்க்கும் நமக்கும் உரிய கடமைகள்.

அடுத்த முறை பேரப்பிள்ளை அக்கேள்வியைக் கேட்டால், அவனைச் சிங்ககட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். கறுத்த படிகளுக்கு நடுவே எங்கேனும் செம்மண் பட்டை தெரிந்தால் காட்டி, அது படிய எத்தனை காலம் ஆயிற்று என்று சொல்லுங்கள். பிறகு, தாத்தா போர்வையை மறந்தது எத்தனை ஆண்டுகளில் என்று அவனையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.